எட்டுக் கை

அவருக்கு என் முகம் தெரியுமா என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. என் கை தெரியும். ஒருமுறை ஆண்டர்சன்பேட்டை பஜாரில் காய் வாங்க நின்றபோது, பின்னாலிருந்து "பெல்ட் இன்னும் கத்துதா தம்பி?" என்று குரல் வந்தது. நான் அதுவரை திரும்பியிருக்கவில்லை. பையை விரித்துப் பிடித்திருந்த கையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆள் முகம் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். மணி அடிப்பது, பூட்டுவது, திறப்பது என்று பேச்சு அதிகம் வேண்டாத வேலை. அவரிடம் போனாலும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். குட்டையான, அகலமான கை. ரேகையெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கும். இடது பெருவிரல் நகம் மட்டும் முழுதும் கறுப்பு, புளியங்கொட்டையை எடுத்து ஒட்டியது போல. அந்த விரலால்தான் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார்.

தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், சாம்பியன் ரீப்ஸின் லைன் வீடுகள் முடிகிற இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. அதற்குப் பின்னால், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேடு. காற்று அடித்தால் மேட்டு மண் பறந்து வந்து நிறுத்திய வண்டிகளின் மேல் மாவு மாதிரி படியும். வண்டிக்கு ஆயிரம் வேலை இருந்தாலும் அவர் பெல்ட் வேலை மட்டும்தான் செய்வார். பிரேக்கைப் பார்க்கச் சொன்னால், "அதுக்கு வேற ஆளுங்க கீறாங்க" என்பார். டைனமோவையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிற அந்த ஒரு ரப்பர் வாருக்காகவே பங்காருபேட்டையிலிருந்துகூட வண்டிகள் வரும்.

நான் அவரிடம் போனதற்குக் காரணம் என் மனைவி. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், செவ்வாயும் வெள்ளியும் கோலாரில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். தாமதமானால் மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் போய் வந்து அவள் இரண்டு தடவை மயங்கி விழுந்த பிறகு பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கினேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது, ஃபேன் பெல்ட்டைத் தவிர. ஊரிகத்தில் எங்கள் லைனை விட்டுக் கிளம்பும்போதே கீச்சென்று கத்தும். பெல்ட் அறுந்தால் இன்ஜின் கொதித்து நடு ரோட்டில் நின்றுவிடும். நின்றால் மெஷின் போச்சு. மெஷின் போனால் அவள் உடம்பில் தண்ணீர் ஏறும். எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் வேலை செய்கிற முறை இது. வண்டி வந்து நின்றதும் சாவியைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்ப்பார். பெல்ட்டைத் திருகி உள்பக்கத்தைப் பார்ப்பார். வெடிப்பு இருக்கிறதா, கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா என்று. பளபளத்தால் மாற்ற வேண்டியதுதான். சிலர் சத்தம் கேட்கக் கூடாது என்று பெல்ட்டில் சோப்பையும் சாக்பீஸையும் தேய்த்துக்கொண்டு வருவார்கள். அதைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். அழுகிற பிள்ளையின் வாயில் துணியை அடைக்கிற வேலை அது என்று சொல்லித் துடைத்தெறிவார்.

பிறகு பெருவிரலால் அழுத்துவார். அரை இஞ்ச் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அதற்கு மேல் போனால் லூஸ், போகாவிட்டால் டைட். டைட்டாக இருந்தால் பெல்ட் தப்பிக்கும், பேரிங் சாகும் என்பார். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரால் டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, சைக்கிள் டியூப் சுற்றிய கம்பியால் டைனமோவை நெம்பி, அப்படியே பிடித்துக்கொண்டு முடுக்குவார். ஒரு நூல் அளவு. மறுபடி பெருவிரல்.

இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் செய்வதுதான். அடுத்து அவர் செய்வதை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. மூடி திறந்திருக்கும்போதே இன்ஜினை ஓடவிட்டு பெல்ட்டின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகச் சாவியைப் பையிலிருந்து எடுப்பார். உடனே திருப்ப மாட்டார்.

"கை" என்பார்.

சுற்றி நிற்கிற எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். முதலில் தன் கைகளைத் தூக்குவார். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களும் தூக்க வேண்டும். இடுப்பில் குழந்தை இருந்தால் அதன் கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கையாகப் பார்த்து எண்ணி, மொத்தத்தை வாய்விட்டுச் சொல்வார். சொன்ன பிறகும் கைகளின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே சாவியைத் திருப்புவார். இன்ஜின் பிடித்த பிறகுதான் இறக்கலாம்.

நாங்கள் போகும்போதெல்லாம் கொட்டகையில் அவர், நான், என் மனைவி. அவர் சொல்லும் எண், எட்டு.

மூன்று தடவை நான் கேட்டும் கேட்காதது போல இருந்துவிட்டேன். எண்ணத் தெரியாதவரை அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். என் மனைவி அப்படி விடுகிறவள் இல்லை. சீட்டில் இருந்தபடியே, "இன்னா அண்ணா, மூணு பேருக்கு ஆறு கைதான? நாங்க படிக்கறப்போ அப்டிதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

அவர் அவள் கையைப் பார்த்தார். அப்புறம் வண்டியின் பின்பக்கம், ஆள் இல்லாத இடத்தை, அதே மாதிரி பார்த்தார்.

"எட்டுதாம்மா" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

வழியெல்லாம் அவள் அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்கு மட்டும் முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

ஊரில் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எண்ணி ஸ்டார்ட் செய்த வண்டி நடுவழியில் நின்றதில்லை என்பதால் கையைத் தூக்கிவிட்டுப் போனார்கள். ஒரு ஆட்டோக்காரர் கேலியாக ஒரு காலையும் சேர்த்துத் தூக்கி, "இதையும் சேத்துக்கோ அண்ணா, உன் கணக்கு டேலி ஆவட்டும்" என்றார். பெரியவர் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். ஆட்டோக்காரர் மூன்று நாள் நடந்து வந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. பெங்களூருக்குத் தினமும் காரில் போய் வருகிற ஐடி பையன்கள் நாலு பேர் ஒருநாள் கையைத் தூக்கியபடியே கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் "பன்னிரண்டு" என்றதும் ஒருவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் பின்னால் திரும்பிப் பார்த்தான். ஐந்து பேர்தான் நின்றிருந்தார்களாம், அவரையும் சேர்த்து.

ஒருநாள் ஒற்றைக் கைக்காரர் ஒருவர் அங்கே பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுரங்கத்து மில்லில் வேலை பார்த்தபோது கையை இழந்தவர். அன்று எங்களோடு சேர்ந்து அவரும் இருக்கிற ஒரு கையைத் தூக்கினார். நானும் மனதுக்குள் எண்ணினேன். ஏழு.

"ஒம்போது" என்றார் பெரியவர்.

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது ஒற்றைக் கைக்காரர் என் மனைவியிடம் சொன்னார். நான் கேட்டிருக்க மாட்டேன், அவள்தான் கேட்டாள். சுரங்கம் நடந்த காலத்தில் பெரியவருக்கு ஒரு ஷாஃப்ட் குழியின் மேல்வாயில் மணி அடிக்கிற வேலை. ஆள்கள் கேஜில், அந்தக் கம்பிக் கூண்டில், ஏறி நின்றதும் எல்லாரும் கையைத் தூக்கிக் காட்டுவார்கள். கம்பிக்கு வெளியே யார் கையும் இல்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டு மணி அடிப்பார். மணி கேட்டதும் இன்ஜின் ரூமில் இருப்பவர் கேஜை இறக்குவார். ஒரு காலை ஷிஃப்ட்டில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. எண்ணி முடித்து மணிக்கயிற்றின் பக்கம் திரும்புகிற நேரத்தில் ஒருவனுடைய சாப்பாட்டு டப்பா நழுவியது. அதைப் பிடிக்கக் கம்பி வழியாக இரண்டு கையையும் வெளியே நீட்டிவிட்டான். இவர் மணி அடித்துவிட்டார். மூன்றாம் நாள் அந்த ஆள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

இவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தும் விட்டார்கள் என்றார் ஒற்றைக் கைக்காரர். "அதுதான் கெடுதலாப் போச்சு. தண்டனை குடுத்திருந்தா அன்னியோட முடிஞ்சிருக்கும்."

அதன் பிறகு என் மனைவி அந்த எட்டைப் பற்றிக் கேலி செய்யவில்லை. அவர் "கை" என்றதும் சட்டென்று தூக்கிவிடுவாள்.

அவளுடைய இடது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு நிற்கும். தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். அந்த ஓட்டம் நின்றால் உடனே ஓடி வரச் சொல்லியிருந்தார்கள். தூக்கிய கையில் அதைக் கண்டு அவர் இது என்ன என்று கேட்டார். அவள் விளக்கமாகச் சொல்லி, தொட்டுப் பாருங்கள் என்று நீட்டினாள். அவர் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அந்தக் கறுத்த நகப் பெருவிரலை அதன் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பெல்ட்டை அழுத்துகிற அதே அழுத்தம்.

"நல்லா ஓடுது. ஸ்லிப் ஆவல."

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் முதலில் அவள் கை, அப்புறம்தான் வண்டி. பத்து நாளைக்கு ஒருமுறையாவது அங்கே போகாவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. டாக்டர் சொல்வதைவிட அவர் சொல்வதை அவள் நம்பினாள்.

நான் சொல்ல வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் செவ்வாயன்று ஆஸ்பத்திரியில் தண்ணீர் சுத்தம் செய்கிற இயந்திரம் கெட்டுப்போய், யாருக்கும் டயாலிசிஸ் இல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரமாக உடம்பில் தண்ணீர் சேர்ந்து அவள் ஊதிப்போயிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்தே இருந்தாள். வெள்ளிக்கிழமை காலை கிளம்பினால் தெருமுனை தாண்டுவதற்குள் பெல்ட் கத்த ஆரம்பித்தது. சார்ஜ் விளக்கும் எரிந்தது. கோலார்வரை தாங்காது என்று எனக்கே தெரிந்தது. நேராகக் கொட்டகைக்கு விட்டேன்.

ஆறரை இருக்கும். பனி இறங்கி, பின்னால் இருந்த மேடே தெரியவில்லை. அவர் அப்போதுதான் எழுந்திருந்தார். அவள் கையைக் கூடப் பார்க்க நேரமில்லாமல் வேலையைத் தொடங்கினார். போல்ட் நெகிழ்ந்திருந்தது. நெம்பி, முடுக்கி, அழுத்திப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

"கை."

தூக்கினோம். எண்ணினார். வழக்கமாக எட்டு என்று விழும் இடத்தில் ஒன்றும் விழவில்லை. மறுபடி எண்ணினார். வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். திரும்பி வந்து நின்றார்.

"ஆறுதான் கீது" என்றார். "இன்னும் ரெண்டு வரல."

கையை இறக்காமலே நின்றோம். சரியாக எண்ணியிருக்கிறார், ஆறுதான் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டது. ஆனால் பனிக்குள் அந்த ஆறு என்ற சத்தத்தைக் கேட்டதும் நானும் வண்டியின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் இன்ஜின் பக்கம் தலையைச் சாய்த்து, யாரோடோ பேசுவது போல மெதுவாக, எடுடா, எடுத்துடுடா என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. அவளுக்கு மூச்சு இரைக்கிற சத்தம் வெளியே கேட்டது. சாவியைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் பையில் கையை விட்டு எடுக்கவும் முடியாது. அப்படிச் செய்கிற ஆள் நான் இல்லை.

"ஏங்க," என்றாள் அவள். "ஏதாச்சும் சொல்லுங்க அவர்கிட்ட."

சொன்னேன்.

"அண்ணா, அவரு கையத் தூக்கிட்டாரு. நான் பாத்தேன்."

அவர் நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் வேறு யாரும் அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எங்க நிக்கறான்?"

"உங்களுக்குப் பின்னாடி."

அவர் திரும்பவில்லை. "கை எப்டி கீது?" என்று கேட்டார்.

தரையைப் பார்த்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அகலமான கை. இடது பெருவிரல் நகம் கறுப்பு."

வண்டிக்குள் இருந்த என் மனைவியின் கைகளைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். எப்போதும் அவர்தான் ஸ்டார்ட் செய்வார்.

"நீங்களே போடுங்க தம்பி. மூடிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஓடுகிற பெல்ட்டை அன்று அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவசரமாக மூடியைப் போட்டு, சீட்டை இறக்கி, சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பலில் பிடித்துக்கொண்டது.

ஏழரைக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். அவளை மெஷினில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். பெல்ட்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சீட்டைத் தூக்கினேன்.

உள்ளே அவருடைய பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. டைனமோவுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே, எதிலும் மாட்டாமல், சும்மா சாய்ந்து நின்றது. அதன் வாய்க்கும் பெல்ட்டுக்கும் ஒரு விரல் இடைவெளிதான். முப்பது கிலோமீட்டர். எத்தனை ஸ்பீட் பிரேக்கர், எத்தனை பள்ளம். கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் பெல்ட்டில் சிக்கி அதை அறுத்திருக்கும். மேலே நோக்கித் தெறித்திருந்தால் சீட்டில் நான் இருந்தேன்.

துணியைச் சுற்றிக்கொண்டு அதை எடுக்கப் போனேன். பக்கத்தில் எதன் மேலும் கை வைக்க முடியாத சூடு. ஸ்பேனரைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. எதிலும் மாட்டியிருக்கவில்லை, நன்றாகப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி, மெதுவாக இழுத்தேன். விட்டது. துணி நழுவி வெறும் கையில் பட்டபோது அது சுடவில்லை. ஒருவர் வெகுநேரம் உள்ளங்கையில் பிடித்திருந்து கொடுத்தது போன்ற சூடு, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆள் நடமாட்டம் நிறைய இருந்தது. பட்டப்பகல். எனக்குப் பல் கிட்டித்தது.

இறந்துபோன அந்த ஆளால் கையைத் தூக்க முடியாமல் போனது ஏன் என்று அப்போது புரிந்தது. தூக்கிவிட்டதாகப் பொய் சொல்லி, அந்தக் கைகள் உள்ளே இருக்கும்போதே சாவியைத் திருப்பியது நான்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. ஸ்பேனரைத் துணியில் சுற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த முறை போனபோது ஸ்பேனரைக் காணோம் என்று புதிது வாங்கியிருந்தார். "கை" என்றார். தூக்கினோம்.

"ஆறு" என்று சொல்லிவிட்டுத் திருப்பினார். பின்பக்கம் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் எப்போதும் அப்படித்தான். மற்ற வண்டிகளிலும் இருக்கிற கையைத்தான் எண்ணுகிறார் என்று கேள்விப்பட்டேன். பெரியவருக்குத் தெளிந்துவிட்டது என்று ஊரில் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அவர் கைகள் மட்டும் தெரிந்தன. ஸ்பேனர் பிடிக்கிற பிடி தளர்ந்திருந்தது. ஒருநாள் சாவியை வாங்கிப் பையில் போடாமல் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வேலை செய்தார். இன்னொரு நாள் என் மனைவி கையை நீட்டியும் பெருவிரலை வைக்க மறந்துவிட்டார். திரும்பும் வழியில் அவள் கேட்டாள், அன்றைக்கு நிஜமாகவே பார்த்தீர்களா என்று. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்டின்னா சொல்லிடுங்க" என்றாள். "என்னாலதான சொன்னீங்க. அத்த வெச்சுகினு நான் எத்தினி நாள் இருக்கறது?"

சொல்வதற்கு எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்பி வரும்போது, அவள் வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் சொன்னது பொய். நான் யாரையும் பாக்கல."

"தெரியும் தம்பி."

நான் நிமிர்ந்தேன். அவர் இடது பெருவிரலை நீட்டிக் காட்டினார்.

"நகம் கறுப்புன்னு சொன்னீங்க. அது என் கை. அவன் கை அப்டி இல்ல. வேலைக்கு வந்து ஆறு மாசம்தான். ஒரு காயம் இருக்காது."

"அப்புறம் எதுக்குச் சாவியக் குடுத்தீங்க?"

"தங்கச்சி கையப் பாத்தேன். வளையல் சதைக்குள்ள எறங்கிக் கெடந்துச்சு." நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். "அவன் உள்ளதான் கைய வெச்சிருந்தான். எடுக்க மாட்டேன்னுட்டான். மொத தடவ தெரியாம மணி அடிச்சேன். ரெண்டாவது தடவ தெரிஞ்சே சாவியக் குடுத்தேன். அதுக்கப்புறம் அவன் வரல."

நான் வண்டிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர் சில்லென்று இருந்தது. அதைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்துவிட்டு, எங்கே இருந்தது, எப்படி நின்றது, எப்படி வந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாந்தான் மறந்து உள்ள வெச்சிருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "சூடா கீதே தம்பி" என்றார்.

எழுந்து வந்தார். பெல்ட்டில் வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் சாவியைக் கேட்டு வாங்கினார், சட்டைப் பையில் போட்டார், சீட்டைத் தூக்கினார், டார்ச் அடித்துப் பார்த்தார், அழுத்தினார். பிறகு "கை" என்றார். தூக்கினோம். எங்கள் கைகளை எண்ணிவிட்டு வண்டியின் பின்பக்கம் திரும்பினார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். என் மனைவி கைகளை அசைக்காமல் பிடித்திருந்தாள்.

"எட்டு" என்றார். பிறகு, எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை சொன்னார்.

அதன் பிறகு ஒரு வருஷம் அவர் இருந்தார். அடுத்த ஐப்பசி மழையில் ஒரு காலை, கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். யாருடைய வண்டிச் சாவியோ சட்டைப் பையில் இருந்தது. வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் அதை எடுக்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். முன்பின் தெரியாத யாரோ போல இருந்தது. தவறான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. பக்கத்தில் இருந்த கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எங்கள் லைனில், வீட்டு வாசலில் வண்டி நின்றது. இனி நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சீட்டைத் தூக்கினேன். பெல்ட்டைத் திருகி உள்பக்கம் பார்த்தேன். பெருவிரலால் அழுத்தினேன், அரை இஞ்ச் போய்த் திரும்பியது. போல்ட்டை ஒருமுறை முடுக்கிவிட்டு ஸ்பேனரை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். அதை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

சாவியைக் கையில் எடுத்ததும் என்னால் திருப்ப முடியவில்லை. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். யாரும் இல்லை. மெதுவான குரலில் "கை" என்றேன். என் கைகளைத் தூக்கினேன். நாங்கள் இரண்டு பேர்தான்.

என் மனைவி பின்சீட்டில் இருந்து தன் கைகளைத் தூக்கினாள். அவளே எண்ணவும் ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். சிரிக்கிறாளா என்று நான் கவனிக்கவில்லை. அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எட்டு" என்றாள். "ஒண்ணுல நகம் கறுப்பா இருக்கு. போடுங்க."

சாவியைத் திருப்பினேன்.